இலவச வைத்தியம் எவ்வளவு ஆகும்?

மூன்று நாளாகக் காய்ச்சல் விடாத ஒரு விவசாயக் கூலிப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே டாக்டருக்குக் காசு இல்லை, ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை, மாத்திரைக்கும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸிலும் அவருக்கு டிக்கெட் கிடையாது. அரசாங்கத்தின் கணக்கில் அவருடைய செலவு சுழியம். ஆனாலும் அவர் அங்கே போகவில்லை. வேலை முடிந்து, பொழுது சாய்ந்த பிறகு, கடைத்தெருவில் உள்ள கிளினிக்கில் இருநூறு ரூபாய் கொடுத்து ஒரு ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிறார்.

'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. கூட்டங்களில் அதிகம் செலவாகும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் மனதுக்குள் போட்ட கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஓ.பி.க்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, ரிசல்ட்டைக் காட்ட மறுபடியும் டாக்டர், கடைசியில் மருந்து ஜன்னல். முடித்து வெளியே வரும்போது உச்சி தாண்டியிருக்கும். அன்றைய கூலி போனதுதான். நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். துணைக்கு மகனோ மருமகளோ வந்தால் இன்னொரு கூலியும் சேர்ந்து போகும். நாளை வரச் சொன்னால் இதே கணக்கு இன்னொரு தடவை. இப்போது சொல்லுங்கள், எது மலிவு?

சுகாதாரப் பொருளாதாரம் என்ற துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கணக்கைத்தான் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கருவிகளோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் மாநகராட்சி மருத்துவமனைகளுக்கு வந்த ஏழை நோயாளிகளை ஆராய்ந்த ஜான் ஆக்டன் 1975இலேயே சொன்னது இது: கட்டணம் இல்லாத இடத்தில் தூரமும் காத்திருப்பும் கட்டணத்தின் வேலையைச் செய்கின்றன. விலை ஏறினால் வாடிக்கையாளர் குறைவதைப் போலவே பயண நேரம் கூடினால் நோயாளி குறைகிறார். வேறுபாடு ஒன்றுதான். அந்த விலையை யாரும் வசூலிப்பதில்லை, அதனால் யாருடைய வரவு செலவிலும் அது ஏறுவதில்லை.

நம் நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் சராசரி மருத்துவச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு வித்தியாசம். இருந்தும் படுக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நோய்களில் ஏறக்குறைய 30 சதவீதமே அரசு நிலையங்களுக்கு வந்தன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் பாதிக் குடும்பங்கள் அரசு நிலையங்களுக்கு வழக்கமாகப் போவதில்லை என்றன. ஏன் என்று கேட்டால் முதலில் வந்த பதில்கள் மூன்று: வைத்தியம் சரியில்லை, காத்திருக்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இல்லை. மூன்றில் ஒன்றுகூடக் காசைப் பற்றியது அல்ல.

மதுரை கற்றுக்கொண்ட பாடம்

இந்த விஷயத்தில் உலகமே எடுத்துப் படிக்கும் சில ஆய்வுகள் நம் மதுரையைச் சுற்றி நடந்தவை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை போனவர்கள் கிராமங்களில் ஏராளம். ஆபரேஷன் இலவசம், முகாம் ஊர்ப் பக்கத்திலேயே. கதவைத் திறந்தால் கூட்டம் தாங்காது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அப்படி நடக்கவில்லை. முகாம் நடந்த பகுதிகளின் கிராமங்களில் ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சரும் அரவிந்த் குழுவினரும் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சங்கடமான எண்ணைச் சொன்னது: கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். வராத தொண்ணூற்று மூன்று பேரைத் தேடிப் போய்க் காரணம் கேட்டதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். கூட வர ஆளில்லை, வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை, போக வரச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி, பயம், 'இருக்கிற பார்வையே போதும், ஓடுது' என்ற சமாதானம். இந்தக் கடைசிக் காரணத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் எழுபது வயதில், மருமகள் கையால் சாப்பிடும் ஒரு பாட்டி, தனக்காக வீட்டில் ஒருவருக்கு நான்கு நாள் வேலை கெடுவதை விரும்பாமல் அப்படிச் சொல்கிறாரா என்பதைக் கேள்வித்தாளில் ஒரு டிக் அடித்து அறிந்துவிட முடியாது.

அதற்கும் முன்பே கிரிஜா பிரில்லியன்ட்டும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். 1991இல் முடிவுகள் வெளியாயின. சில ஊர்களில் ஆபரேஷன் மட்டும் இலவசம். சில ஊர்களில் பயணமும் சாப்பாடும் சேர்த்து இலவசம். செய்தி சொல்லும் வழியும் ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களுக்குச் சுகாதாரப் பணியாளர் போனார். சில ஊர்களுக்கு, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகப் போனார். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கம் பரவாத காலம் அது. சோடாபுட்டிக் கண்ணாடியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்து 'எனக்கு இப்போது எல்லாம் தெரிகிறது' என்று சொன்ன மனிதரும், பயணச் செலவு உட்பட எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடும் சேர்ந்த இடத்தில்தான் மற்ற வழிகளைவிட அதிகப் பேர் முன்வந்தார்கள். ஒரு சாப்பாடும் ஒரு பஸ் டிக்கெட்டும் ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் தூசு. அந்தத் தூசுதான் குறுக்கே நின்றது.

அரவிந்த் இதிலிருந்து எடுத்த முடிவு, முகாமை மட்டும் நம்பியிராமல் சிறு ஊர்களில் நிரந்தரமாக ஒரு பார்வை மையம் வைப்பது. 2004இல் தொடங்கிய இந்த மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கண்ணைப் பரிசோதிக்க, டாக்டர் நகரத்திலிருந்து திரை வழியே பேசுகிறார். கண்ணாடி வேண்டுமானால் அங்கேயே கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பம் இல்லை. நோயாளியின் ஒரு நாளை விழுங்காமல் வேலையை முடிப்பதுதான்.

அட்டையில் இரண்டு ஆஸ்பத்திரிகள்

மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டால் எல்லோரும் எல்லாமும் வேண்டும் என்பார்கள். நல்ல டாக்டர், பக்கத்தில், காத்திருக்காமல், இலவசமாக. அது நியாயமான ஆசைதான், ஆனால் திட்டம் போட உதவாது. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குவார்கள் என்பதே தெரிய வேண்டும்.

இதற்காக ஆய்வாளர்கள் கையாளும் முறை ஒன்று பார்க்க விளையாட்டுபோல இருக்கும். ஒருவரிடம் ஒரு அட்டையைக் காட்டுகிறார்கள். அதில் கற்பனையாக இரண்டு ஆஸ்பத்திரிகள். ஒன்றில் டாக்டர் நன்றாகச் சோதித்துப் பார்ப்பார், ஆனால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், மருந்து வெளியே வாங்க வேண்டும். இன்னொன்றில் அரை மணியில் முடியும், மருந்தும் உண்டு, ஆனால் நர்ஸ் எரிந்து விழுவார். எங்கே போவீர்கள்? பதில் சொன்னதும் அடுத்த அட்டை. தூரமும் கட்டணமும் மாறியிருக்கும். நூற்றுக்கணக்கானவர்களிடம் இப்படிக் கேட்டு வாங்கினால், ஒரு மரியாதையான வார்த்தைக்காக எத்தனை கிலோமீட்டர் கூடுதலாக நடக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதைக்கூடக் கணக்கிட்டுவிடலாம். இதற்கு அடித்தளம் போட்ட டேனியல் மெக்ஃபேடன் 2000இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கணித்தது ஆஸ்பத்திரியை அல்ல, சான் பிரான்சிஸ்கோவில் புதிதாக வரவிருந்த ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை. 1990களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்து மேண்டி ரயன் போன்றவர்கள் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தான்சானியாவின் மேற்கு எல்லையில் உள்ள கிகோமா பகுதியில் மார்கரெட் குருக் குழுவினர் பிரசவத்தைப் பற்றி இப்படிக் கேட்டார்கள். அங்கே கணிசமான பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். தூரமும் செலவும்தான் காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. 2009இல் வெளியான முடிவில் அவை பின்னால் போய்விட்டன. முன்னால் நின்றவை இரண்டு: பிரசவம் பார்க்கிறவரின் மரியாதையான நடத்தை, மருந்தும் கருவிகளும் இருப்பது. இவற்றைச் சரிசெய்தால் ஆஸ்பத்திரிப் பிரசவத்தை விரும்பும் பெண்கள் 43 சதவீதத்திலிருந்து 88 சதவீதமாகக் கூடக்கூடும் என்று அவர்களுடைய மதிப்பீடு சொன்னது. பிரசவ அறையில் வாங்கிய திட்டை மறக்காத நம் ஊர் அம்மாக்களுக்கு இந்த முடிவில் புதிதாக எதுவும் இருக்காது. ஆனால் அம்மாக்கள் சொன்னால் அது புலம்பல். எண்ணாக வந்தால்தான் கோப்பில் ஏறுகிறது.

அட்டைக்கும் குறை உண்டு. அட்டைக்குள் இருக்கும் வரிசையில் யாருக்கும் கால் கடுக்காது. கையில் இருநூறு ரூபாய் இல்லாத வாரத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு வேறு, நிழலில் உட்கார்ந்து அட்டையைத் தொட்டுக் காட்டும் முடிவு வேறு. அதனால் சொன்னதையும் செய்ததையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

நோயாளிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

சரி, நோயாளியின் தேர்வு எப்போதும் சரியா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதல்ல, வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது என்னவென்றே தெரியாது என்று கென்னத் ஆரோ 1963இல் எழுதினார். இந்தத் துறையே அந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது என்பார்கள்.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டுஃப்லோ மூவரும் (பின்னாளில் மூவருமே நோபல் பெற்றார்கள்) நடத்திய ஆய்வு 2004இல் வந்தது. துணை சுகாதார நிலையங்களுக்கு ஓராண்டு முழுக்க வாரந்தோறும் போய்ப் பார்த்ததில், பாதி நேரத்துக்கு மேல் கதவு பூட்டிக் கிடந்தது. எந்த நாளில் திறந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடியவில்லை. அப்படியிருக்க, ஜனங்கள் தனியாரிடம் போனதில் என்ன குற்றம்? ஆனால் போன இடத்தில் நடந்ததையும் பாருங்கள். தனியாரிடம் போனவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஊசி. பரிசோதனை செய்யப்பட்டது 3 சதவீதம் பேருக்கு. அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் பலருக்கு எந்த மருத்துவப் படிப்பும் இல்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம், டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு என்ற நம்பிக்கை நமக்கும் அந்நியமல்ல. காய்ச்சல் எப்படியும் மூன்று நாளில் இறங்கும். இறங்கியதும் பெருமை ஊசி போட்டவருக்கு. கைராசிக்காரர் என்ற பெயர் இப்படியும் ஏற்படுவதுண்டு.

ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் முதலானவர்கள் மத்தியப் பிரதேசத்தில் செய்தது இன்னும் துணிச்சலானது. உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளாக நடிக்க வைத்து அனுப்பினார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி, ஒருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவர் வீட்டில் இருக்கும் குழந்தையின் சீதபேதிக்கு மருந்து கேட்கும் தகப்பன். அரசு நிலையத்து டாக்டர் சராசரியாக ஒருவருக்கு ஒதுக்கியது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. 2016இல் வெளியான இந்த ஆய்வின் உச்சம், ஒரே டாக்டரை இரண்டு இடத்தில் சந்தித்தது. காலையில் அரசு நிலையத்தில் பார்த்த அதே டாக்டரை, அதே நோயோடு, அவருடைய சொந்தக் கிளினிக்கில் போய்ப் பார்த்தார்கள். படிப்பு அதே, அறிவு அதே. சொந்த இடத்தில் கூடுதல் நேரம் பார்த்தார், கூடுதல் கேள்விகள் கேட்டார், சரியான மருந்து எழுதியதும் அங்கேதான் அதிகம். தேவையில்லாத மருந்து மட்டும் இரண்டு இடத்திலும் தாராளம்.

ஆக, கூலிப் பெண்ணின் கணக்கில் ஒரு பாதி துல்லியம். டாக்டர் இருக்கிறாரா, முகம் பார்த்துப் பேசுகிறாரா, எவ்வளவு நேரம் கெடும் என்பவற்றில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அந்த ஊசிக்குள் இருந்தது என்ன, அது அவருக்குத் தேவைதானா என்பது மறுபாதி. அதை அவரால் பார்க்க முடியாது. பார்த்துச் சொல்லவேண்டிய அரசாங்கம் தனியார் கிளினிக்குகளில் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

'சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது, பத்து ரூபாயாவது வாங்க வேண்டும்' என்று சொல்பவர்களுக்கும் இந்தத் துறை ஆதாரத்தோடு பதில் வைத்திருக்கிறது. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தந்த கொசுவலைக்கு அரை டாலருக்குச் சற்று மேல் விலை வைத்துப் பார்த்தார்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும். வாங்குகிறவர்களின் விகிதம் 60 புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அக்கறையாகப் பயன்படுத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ரான்ட் நிறுவனம் 1970களில் தொடங்கி நடத்திய பெரிய காப்பீட்டுச் சோதனையும் இதே திசையில்தான் கை காட்டியது. கட்டணம் வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது குறையும். ஆனால் தேவையற்ற வைத்தியம் மட்டும் குறைவதில்லை, தேவையானதும் சேர்ந்தே குறைகிறது.

இதன் மறுபக்கம் உதய்பூரில் தெரிந்தது. குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி போட்டவர்கள் சாதாரண கிராமங்களில் 6 சதவீதம். தவறாமல் நடக்கும் முகாம் வைத்த கிராமங்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடத்தில் 39. பருப்புக்குச் செலவழித்தும், ஒரு குழந்தைக்கான மொத்தச் செலவு பருப்பு இல்லாத முகாமைவிடப் பாதியாகக் குறைந்தது. சும்மா உட்கார்ந்திருந்த நர்ஸுக்கு வேலை கிடைத்ததுதான் காரணம். பிள்ளை மீது பாசம் இல்லாமல் ஆறு சதவீதத்தில் நின்றார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் மனதுக்கு இன்றே போக ஒரு சாக்கு தேவைப்பட்டது. வருமான வரி கட்டுகிறவர்கள் கடைசித் தேதிவரை தள்ளிப்போடுவதை நாம் அறியாமை என்று சொல்வதில்லை.

வீட்டு வாசலுக்கு வந்த மாத்திரை

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களுக்கு முன்னால் நிற்கிறது என்பதில் சந்தேகமில்லை. 1995இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புவதால், 'மருந்து ஸ்டாக் இல்லை' என்ற பதில் இங்கே குறைவு. ஐந்தாவது குடும்பநல ஆய்வில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். (அதே ஆய்வில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன் என்பதும் உண்டு. இதில் எவ்வளவு தாயின் விருப்பம், எவ்வளவு டாக்டரின் விருப்பம், எவ்வளவு பில்லின் விருப்பம் என்று பிரித்துச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும்.)

ஆனால் வெற்றி கண்டது பிரசவத்திலும் தடுப்பூசியிலும்தான். சில முறை வந்து போனால் முடிகிற வேலை அவை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படியல்ல, மாதா மாதம் வர வேண்டும். 2020இல் மாநிலம் முழுக்க நடந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம். மாத்திரை இலவசமாக இருந்த மாநிலத்தில் வந்த எண்கள் இவை. வலிக்காத நோய்க்காக மாதத்துக்கு ஒருநாள் கூலியை விட யாருக்கு மனம் வரும்?

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தக் கூலியைத்தான் மிச்சப்படுத்தப் பார்க்கிறது. பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அதற்கு முன்பே, சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களைப் பலப்படுத்தி ஒரு முன்னோட்டம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் வி.ஆர். முரளிதரன் குழு அதை மதிப்பிட்டது. கிட்டத்தட்ட யாருமே வைத்தியத்துக்கு வராத அந்தச் சின்னக் கட்டடங்களில் தினமும் ஆளும் மருந்தும் இருக்கும்படி செய்ததும் கூட்டம் வந்தது, தனியாரிடம் போவது குறைந்தது, கைக்காசு மிஞ்சியது. கதவு திறந்திருந்தது, போனார்கள்.

ஆனால் நம்முடைய பெருவிளம்பரம் காப்பீட்டுக்குத்தான் போகிறது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியில் வந்த முதலமைச்சர் காப்பீடு இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. இதய ஆபரேஷனுக்குக் கிடைக்கும் அட்டை அந்த இதயத்தைக் கெடுத்த ரத்த அழுத்தத்துக்கான பத்து வருஷ மாத்திரைக்கோ, கடைத்தெருக் கிளினிக்கின் இருநூறு ரூபாய்க்கோ உதவாது. தேசிய சுகாதாரக் கணக்குகள்படி 2021-22இலும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்தே போனது. 2013-14இன் 64.2 சதவீதத்திலிருந்து அது இறங்கியிருப்பது நல்ல செய்திதான். மிச்சமிருப்பதில் பெரும்பங்கு காப்பீடு எட்டாத ஓ.பி.யிலும் மருந்துக் கடையிலும் கரைகிறது. ஆபரேஷன் செய்து பிழைத்தவரோடு படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வராமல் தப்பியவர் யாரென்று யாருக்குத் தெரியும்? அரசியலுக்கு முன்னதே வசதி.

2023 ஜூனில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு என்று வேலை செய்கின்றன. இருநூறு ரூபாய் கிளினிக்கோடு அரசாங்கம் அதே நேரத்தில், அதே தெருவில் போட்டிக்கு நிற்கிறது. கிராமத்தில் டாக்டர் இருக்கும் ஓ.பி. இன்னமும் பெரும்பாலும் பகலில்தான். அங்கேயும் மாலை ஓ.பி. வேண்டுமென்றால், எட்டு மணிக்கு வேலை முடித்த ஒரு இளம் பெண் டாக்டர் எந்த பஸ்ஸில், யார் துணையோடு வீடு போவார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அவருக்கும் விருப்பங்கள் உண்டு. அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் ஒதுக்கீடு கொடுத்துத்தான் தமிழ்நாடு கிராமங்களுக்கு டாக்டர்களை இழுத்தது. மாலை நேரத்துக்கு அவர்கள் என்ன கேட்பார்கள்? குவார்ட்டர்ஸா, வண்டியா, ஒருநாள் கூடுதல் விடுப்பா? கூலிப் பெண்ணிடம் காட்டும் அட்டையைப் போல ஒன்றை எழுதி அவர்களிடமும் நீட்டலாம். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் செலவில் ஒரு சிறு துளிதான் அதற்கு ஆகும்.